சித்திரையில் விடிலிக்கு வாருங்கள்

பங்குனி பாதி கடந்ததுமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையில் இருக்கும் சித்தி, மும்பையில் தாராவிப் பக்கம் குடியேறிவிட்ட பெரியப்பா வீடு, திருப்பூரில் கடை வைத்திருக்கும் அத்தான் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "புதுக் கருப்பட்டி வந்துட்டா? கலப்படம் இல்லாததா ஒரு பத்துக் கிலோ வாங்கி அனுப்பு." ஊரிலேயே தங்கிவிட்டவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நானும் விருப்பத்தோடுதான் செய்கிறேன். இத்தனை வருஷமாக இதற்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. முக்கியமாக ஒரு விஷயம். கருப்பட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தே நல்லது கெட்டதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அது யார் வீட்டு அடுப்பில் காய்ச்சியது என்று தெரிந்திருந்தால் மட்டும் நம்பலாம். அதற்கு ஒருமுறையாவது நேரில் வர வேண்டும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில். கிழக்கே போனால் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, கடல். வடக்கே திருச்செந்தூர்ப் பக்கம் திரும்பினால் தேரிக்காடு. வெளியூர்க்காரர்கள் தேரியை முதல்முறை பார்க்கும்போது பாலைவனம் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. செக்கச் சிவந்த மணல்தான், காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும்தான், ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும் என்பதும் உண்மைதான். ஆனால் பெய்கிற மழையை ஓடவிடாமல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிற மணல் அது. அதனால்தான் மேட்டுச் சரிவில் சுனை ஊறுகிறது. மேலப்புதுக்குடியில் இருக்கிற சாமிக்கே அருஞ்சுனை காத்த அய்யனார் என்று பேர். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும்போது தேரியில் தலைதான் தெரியும். இளநீர் வெட்டி முடிந்ததும் அந்த இடத்து மண்ணை ஆளுக்கு ஒரு பிடி முந்தியில் முடிந்துகொண்டு போவார்கள். வீட்டிலும் வயலிலும் தூவினால் நல்லது என்று நம்பிக்கை. எங்கள் அம்மா அந்த மண்ணை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

தேரிக்குள் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு மணல் கொதிக்கும். செருப்பு போட்டால் மணல் உள்ளே புகுந்து நடக்க விடாது, போடாவிட்டால் உடைமுள். ஷூ போட்டு வருவது நல்லது. நாலு திசையும் ஒரே மாதிரி இருப்பதால், உள்ளே போகும்போது ஆடு மேய்க்கிறவர் யாரையாவது பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். நாம் எந்தப் பக்கம் போனோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது வழி கேட்கவும் ஆள் இருக்கும்.

நான் கருப்பட்டி வாங்கும் அண்ணனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. உறவு ஒன்றும் கிடையாது. என் அப்பா அவரைத் தம்பி என்பார், நான் அண்ணன் என்கிறேன், எங்கள் ஊரில் அது அப்படித்தான். பருவம் தொடங்கிவிட்டால் விடிகாலை நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, அதில் பாளை சீவுகிற அருவாள், பாளையை இடுக்கி நசுக்குகிற கடிப்பு, சுண்ணாம்பு. மரத்தடியில் மிருக்குத்தடியைச் சாய்த்து அதில் கால் வைத்துத்தான் முதல் ஏற்றம். அறுபது அடி, எழுபது அடி மரங்கள். மேலே போய்ப் பாளையின் நுனியை ஒரு நூல் அளவு சீவிவிட்டு, கலயத்தில் சேர்ந்திருக்கிற பதநீரை இறக்கி, பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்துக்குள் புதுச் சுண்ணாம்பு தடவித் திரும்பக் கட்ட வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒருநாள் போகாமல் விட்டால் பாளையின் வாய் காய்ந்துபோகும், அப்புறம் அந்தப் பாளை சொட்டாது. காய்ச்சலோ கல்யாண வீடோ, பருவத்தில் லீவு கிடையாது. உறவில் துக்கம் நடந்தால்கூட காலையில் மரம் ஏறி இறங்கிவிட்டுத்தான் போவார். அதற்காக அவரை யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் போகப் பழகியதில் சில விஷயங்கள் எனக்குப் படிந்துவிட்டன. மரத்தில் இருக்கிற ஆளைக் கீழே நின்று கூப்பிடக் கூடாது. அவர் கால் தளையிலும் கை மட்டையிலும் இருக்கும்போது கவனம் பிசகினால் விபரீதம். மரத்துக்கு நேர் கீழே நிற்கவும் கூடாது. கருக்குமட்டை விழலாம், அருவாள் நழுவலாம். தள்ளி நின்று காத்திருந்தால் இறங்கி வந்து அவரே பேசுவார். போட்டோ எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சிலர் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து "இன்னொருமுறை ஏறுங்க, சரியா வரல" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இன்னொரு ஏற்றத்தின் கனம் அவர் முழங்காலுக்குத்தான் தெரியும்.

இறங்கியதும் முதலில் பதநீர்தான். குருத்தோலையை மடித்துப் பட்டை கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, பன்னாடையில் வடிகட்டி ஊற்றுவார். "இப்ப எறக்குன பயினி. குடிச்சிட்டுப் பேசுங்க தங்கச்சி." ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து தொண்டையில் இறங்கும். நொங்குக் காலமென்றால் அதிலேயே நாலு சுளையைத் தோண்டிப் போடுவார்.

பதநீர் குடிக்க வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வாருங்கள். வெயில் ஏற ஏற புளிக்கத் தொடங்கும். புதிதாகக் குடிக்கிறவர்கள் ஒரு பட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது, சிலருக்கு வயிறு இளகும். சுண்ணாம்பு தூக்கலாகத் தெரிந்தால் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துவிட்டு மேலாகத் தெளிந்ததைக் குடிக்கலாம். பாட்டிலில் அடைத்து மூடியை இறுக்கி பஸ்ஸில் கொண்டுபோக நினைக்காதீர்கள், உள்ளே பொங்கி மூடியைத் தள்ளிவிடும். ரோட்டோரத்தில் நண்பகலில் விற்கிற பதநீரை நான் வாங்குவதில்லை. தண்ணீர் ஊற்றி, இனிப்புக்குச் சாக்கரின் போட்டது நிறைய ஓடுகிறது. குடித்து வெகுநேரம் ஆன பிறகும் நாக்கில் ஓர் இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் அது பனையின் இனிப்பாக இருக்காது.

கருப்பட்டியின் பாதிக் கதை மரத்தில் என்றால் மீதிப் பாதி விடிலியில். பனைக் காட்டுக்குள்ளேயே ஓலையால் கட்டிய குடிசைதான் விடிலி. பருவம் முழுக்க குடும்பமே அங்கேதான் கிடக்கும். உள்ளே அடுப்பு, பெரிய சட்டி, ஒரு மூலையில் ஓலையும் உடை விறகும், இன்னொரு மூலையில் ஈர மணல் பரப்பி வரிசையாகப் பதித்த சிரட்டைகள். காய்ச்சுவது மதினி, அண்ணனின் மனைவி. ஏழரை மணிக்கு அடுப்பில் ஏற்றினால் இறக்கப் பதினொன்று ஆகும். சித்திரை வெயிலில், கூரை தாழ்ந்த குடிசையில், அந்த அடுப்புக்கு முன்னால் மூன்றரை மணி நேரம்.

முதலில் பார்க்க ஒன்றும் பெரிதாக நடக்காது. தண்ணீர் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். மதினி ஓலையை ஒவ்வொன்றாகத் தள்ளியபடி என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று நுரை பொங்கி விளிம்பு வரை வரும். அப்போது ஆமணக்கு முத்தைப் பொடித்து ஒரு சிட்டிகை போடுவார், பொங்கின நுரை அப்படியே அடங்கிவிடும். அந்தச் சின்ன வேலையை நான் எத்தனை தடவை பார்த்தாலும் கண் எடுக்க முடியாது. அப்புறம் நிறம் மாறும். வெளுப்பு, வைக்கோல் நிறம், தேன் நிறம் என்று ஏறி, கூப்பனி என்கிற பாகுப் பதத்தில் கெட்டிப்பட ஆரம்பித்ததும் மதினியின் பேச்சு நின்றுவிடும். "ஏட்டி, இப்ப பேச்சுக் குடுக்காத. பதம் தப்பிரும்." துடுப்பால் கிண்டிக்கொண்டே ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் கட்டியாகாமல் இளகி நிற்கும், கொஞ்சம் பிந்தினால் கரிந்து கசக்கும். இறக்கிய சூட்டோடு சிரட்டைகளில் ஊற்றினால் சீக்கிரமே இறுகிவிடும். தட்டினால் கையில் ஒரு பக்கம் குழிந்த அந்த வட்டம் வந்து விழும்.

விலை பேசுவதற்கு முன்னால் இந்த அடுப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கணக்கு எளிதுதான். பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒன்றேகால், மிஞ்சிப்போனால் ஒன்றரைக் கிலோ கருப்பட்டி தேறும். அந்தப் பத்து லிட்டருக்கு எத்தனை மரம், எத்தனை ஏற்றம், எவ்வளவு விறகு, எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பார்த்தால் கிலோ முந்நூறு ரூபாய்க்கு மேல் கேட்பது அதிகமாகத் தோன்றாது. சீனி அம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. கொதிக்கிற பதநீரில் சீனியை அள்ளிக் கொட்டினால் எடை கூடும், சீக்கிரம் இறுகும், விறகு மிச்சம். கலப்படத்துக்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். நூற்றைம்பது ரூபாய்க்குக் கருப்பட்டி வேண்டும் என்று நாம் நிற்கிற வரை, அந்த விலைக்கு ஒரு பண்டம் செய்து கொடுக்க ஆள் இருப்பார்கள்.

பணத்தைக் கொடுக்கும்போது மதினி கையில்தான் கொடுப்பேன். மரம் ஏறுகிறவரின் உழைப்பு எல்லார் கண்ணுக்கும் படுகிறது, அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆள் இருக்கிறார்கள். அடுப்படியில் கண் எரிய உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் "பதம் நல்லா இருக்கு" என்று சொல்கிறவர்கள் குறைவு. முதல்முறை அப்படிப் பணத்தை நீட்டியபோது மதினி அண்ணனைப் பார்த்தார். அவர், "வாங்கிக்க, காய்ச்சுனது நீதான" என்றார். அதிலிருந்து அதுதான் வழக்கம்.

உடன்குடியில் எனக்குப் பழக்கமான வியாபாரி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரைப் போல வெளிப்படையாகப் பேசுகிறவர்களைப் பார்ப்பது அரிது. ஒருதடவை அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது வெளியூர்க் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர், "ஒரிஜினல் கருப்பட்டி இருக்கா?" என்று கேட்டார். அண்ணாச்சி மூன்று ஓலைப்பெட்டிகளைத் திறந்து காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொன்னார். வந்தவர் நடு விலையை எடுத்துக்கொண்டு, "இதுவும் ஒரிஜினல்தானே?" என்றார். "அதுல சீனி இருக்கு சார். ஒரிஜினல் அந்தக் கடைசிப் பெட்டி. வெலையும் அதுக்கு ஏத்தாப்புலதான்." அவர் கடைசிப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுவில் உள்ளதை வாங்கிக்கொண்டு போனார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "கேக்கவுகளுக்குச் சொல்லுதேன். கேட்டுட்டும் அதத்தான் வாங்குதாவ," என்றார். இங்கே வாங்குகிறவர்கள் 'ஒரிஜினலா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எத்தனை தரம் வச்சிருக்கிய, ஒவ்வொண்ணும் என்ன வெல?' என்று கேட்க வேண்டும். விலைகளை வரிசையாகச் சொல்ல வைத்தால் பாதி உண்மை தானாக வெளியே வரும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு உடன்குடி என்ற பேரை மட்டும் அட்டையில் அச்சடித்து வருவதும் கூடியிருக்கிறது. பேரைப் பார்த்து வாங்காதீர்கள்.

பரிசோதனை முறைகள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உடைத்துப் பார், உள்ளே பளபளவென்று பொடி மின்னினால் சீனி என்பார்கள். அது ஓரளவு சரி, சீனி அதிகமாகச் சேர்த்தால் மின்னத்தான் செய்யும். கொஞ்சமாகச் சேர்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கறுப்பாக இருந்தால் நல்லது என்பது இன்னொன்று. அடுப்புச் சூடு, கலயத்தின் சுத்தம், சுண்ணாம்பின் அளவு, மாதம் எல்லாவற்றையும் பொறுத்து நிறம் மாறும். மதினியின் ஒரே அடுப்பில் ஒரே வாரத்தில் இரண்டு நிறம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் போட்டுக் கரைகிற நேரத்தை அளப்பதை நான் நம்புவதே இல்லை. நாக்கு கொஞ்சம் உதவும். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் லேசாக ஒரு கரிப்பும் புகை வாசமும் இருக்கும், தொண்டையைக் கரகரக்க வைக்காது. ஆனால் அதைச் சொல்ல நாக்குக்குப் பழக்கம் வேண்டும். எனக்குத் தெரிந்து கொஞ்சம் நம்பகமானது மழைக்காலம். ஐப்பசி பிறந்து காற்றில் ஈரம் ஏறியதும் நல்ல கருப்பட்டி கசிந்து இளகும். சீனி சேர்ந்தது கல்லு மாதிரி அப்படியே இருக்கும். "போன வருஷம் நீ அனுப்பியது ஒழுகிப்போச்சு, இந்தத் தடவை கட்டியா உள்ளதா அனுப்பு" என்று சித்தி சொன்னபோது, இந்த விஷயத்தை விளக்கவே அரைமணி நேரம் போனில் பேச வேண்டியிருந்தது.

இளகுவதைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். தினமும் புகையும் சூடும் பட்டதால் வருஷக்கணக்கில் இருந்தது. இப்போது கேஸ் அடுப்பு வந்துவிட்டதால் அது நடக்காது. வாங்கியதும் ஒருநாள் நிழலில் காற்றாட வைத்து, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, வாயகன்ற மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ போட்டு, துணியால் வேடு கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வியர்த்துவிடும். மழைக்கு முன்னால் ஒருமுறை எடுத்து வெயிலில் காட்ட வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்தச் சமயம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஆவணி வரை சேர்த்து வைத்த கருப்பட்டியெல்லாம் பாகாகிவிட்டது. ரோடு துண்டித்துக் கிடந்த அந்த நாட்களில் அண்ணன் வீட்டிலும் அதே கதி. மதினி அழுதுகொண்டிருக்காமல் எல்லாவற்றையும் வழித்துச் சட்டியில் போட்டு, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, மறுபடி காய்ச்சிச் சில்லுக் கருப்பட்டியாக ஊற்றிவிட்டார். கையோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு கொடுத்தார். அந்த வாரம் எங்கள் தெருவில் இருமல் இல்லாத வீடு கிடையாது. இளகின கருப்பட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சமையலுக்கு ரெண்டே வார்த்தை. கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டித்தான் எதிலும் சேர்க்க வேண்டும், மணலும் சுண்ணாம்புக் கசடும் அடியில் தங்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும். காப்பிக்குப் பால் கலப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். உளுந்தங்களிக்குப் புதுக் கருப்பட்டியைவிட ஒரு வருஷம் கிடந்ததுதான் நல்லது என்பது எங்கள் அம்மாவின் தீர்மானம். வயசுக்கு வந்த பெண்ணுக்குக் களி கிண்ட, எல்லார் வீட்டிலும் பழையது கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்ற வேண்டும்.

பதநீர்க் காலம் முடிந்தாலும் பனை ஓய்வதில்லை. ஆவணி வாக்கில் பழம் விழும். விழுந்த பழத்தின் கொட்டையை மணலில் புதைத்தால் மார்கழி தையில் கிழங்கு. பொங்கலுக்குப் பனங்கிழங்கும், பானைக்கு அடியில் எரிக்கக் காய்ந்த ஓலையும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் பொங்கல் கிடையாது. திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் கிழங்குக் கட்டு விற்கிற ஓர் ஆச்சியிடம் வழக்கமாக வாங்குவேன். முதலில் எல்லாம் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். ஆச்சி, "நீ எதுக்குப் பெரட்டுத? தின்னவா, அனுப்பவா?" என்று கேட்டார். அன்றைக்கே வேகவைத்துத் தின்பதற்கு இளங்கிழங்கு, ஊருக்கு அனுப்புவதென்றால் தோல் தடித்த முற்றல், மாவுக்கென்றால் அவித்துக் காயப்போட்டது. மூன்றுக்கும் மூன்று கட்டு அவரிடமே இருந்தது. விற்கிறவரிடம் எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் அவரே தேர்ந்து கொடுப்பார். இது கிழங்குக்கு மட்டும் இல்லை, மணப்பாட்டில் மீன் வாங்கும்போதும் எனக்கு உதவியிருக்கிறது. குழம்புக்கா பொரிக்கவா என்று சொன்னால் போதும், கூடையில் கை தானாகச் சரியான மீனுக்குப் போகும்.

இனி எத்தனை வருஷம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது நல்லது. ஆனால் மரம் இருக்கும், ஏற ஆள் இருக்க மாட்டார் என்பதுதான் எங்கள் கவலை. அண்ணனின் மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். அவனை ஏறச் சொல்ல அண்ணனுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், சுண்ணாம்பு தடவிப் பதநீர் மட்டும் இறக்குகிறவரும் எப்போது யார் வந்து கலயத்தை முகர்ந்து பார்ப்பார்களோ என்ற நினைப்போடுதான் ஏற வேண்டியிருக்கிறது. புளித்த பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே நின்று தன் நேர்மையை நிரூபிக்கச் சொன்னால், வயசான மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள், வரட்டும். மரம் ஏறக் கருவிகள் வந்திருக்கின்றன. அண்ணனுக்கு அது ஒத்துவரவில்லை, மரத்துக்கு மரம் மாட்டிக் கழற்றுகிற நேரத்தில் அவர் ரெண்டு மரம் ஏறிவிடுவார். இளவட்டங்கள் பழகினால் அவர்களுக்கு உதவலாம்.

என்னால் முடிந்தது வாங்குகிற முறையை மாற்றுவதுதான். முன்பெல்லாம் பருவம் தொடங்கும்போது செலவுக்குக் கையில் காசில்லாமல் பனையேறிகள் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தப் பணத்துக்குக் கருப்பட்டியை அவர் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டிவரும். அதனால் எங்கள் சொந்தக்காரர்களிடம் தை மாசமே பணம் கேட்டு வாங்கிவிடுகிறேன். அவரவருக்கு வேண்டிய கிலோவுக்குப் பாதிப் பணம். மொத்தமாகச் சேர்த்து மதினியிடம் கொடுத்தால் கலயம், சுண்ணாம்பு, விடிலிக்கு ஓலை என்று பருவத்தை யாரிடமும் கைநீட்டாமல் தொடங்கிவிடலாம். மீதி, கருப்பட்டியைக் கையில் வாங்கும்போது, அன்றைய விலைக்கு. முன்பணம் கொடுத்தோம் என்று விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. மழை பெய்து பருவம் கெட்டால் அளவு குறையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிடுவேன். சித்திரை, வைகாசியில் காய்ச்சியதைத்தான் எடுத்து அனுப்புகிறேன். ஆவணிக்குப் பிறகு யார் கேட்டாலும், இருந்தால் மட்டும் தருவேன், கடையில் வாங்கி அனுப்ப மாட்டேன்.

அத்தான் போன சித்திரையில் பிள்ளைகளோடு நேரிலேயே வந்தார். விடிலியில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் சிரட்டையிலிருந்து கருப்பட்டியைத் தட்டி எடுக்கப் பழகிவிட்டான். கிளம்பும்போது அத்தான் அண்ணனிடம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக வாங்குகிற பத்துக் கிலோவைப் பதினைந்தாக்கிக்கொண்டார். அடுத்த பருவத்துக்கு வர நினைக்கிறவர்கள் தைப் பொங்கலுக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். காலை ஆறரைக்கு உடன்குடி பஸ் நிலையத்தில் இறங்கினால் போதும், கூட்டிக்கொண்டு போகிறேன்.